கிளைகளுக்கு நடுவே ஒரு பறவை: ஒளிப்படக் கேள்வி பதில்

பறவைகளைப் படமெடுக்கும் வாசகர்கள் இம்முறை எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றி அமைந்திருக்கின்றன. பறவை நன்றாக அமர்ந்திருக்கிறது, ஒளியும் போதுமானதாக இருக்கிறது, ஆனால் பின்னால் நிற்கும் இலையும் கிளையும் புல்லும் படத்தை விழுங்கிவிடுகின்றன என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒன்றைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மரத்தில் அமர்ந்திருக்கும் பறவை கண்ணுக்குத் தனியாக, துலக்கமாகத் தெரிகிறது. அதே காட்சியைப் படத்தில் பார்த்தால் பறவை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கேமராவில் ஏதாவது அமைப்பு தவறாக இருக்குமா?

பதில்: கேமராவில் தவறு இல்லை. நாம் இரண்டு கண்களால் பார்க்கிறோம்; அவை சற்று விலகி இருப்பதால் பறவை முன்னாலும் இலைகள் பின்னாலும் இருப்பதை மூளை உடனே பிரித்தறிந்துவிடுகிறது. அதோடு பறவை தலையை அசைக்கிறது, நாமும் அசைகிறோம், அந்த அசைவும் முன்பின்னைக் காட்டிக்கொடுக்கிறது. இவற்றுக்கு மேல், கண்ணின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 2 டிகிரி அகலத்துக்குள் விழுவதை மட்டுமே நாம் எந்த நேரத்திலும் கூர்மையாகப் பார்க்கிறோம். கவனம் பறவையின் மேல் இருக்கும்போது சுற்றியுள்ள கிளைகள் இருந்தும் இல்லாதவையாகிவிடுகின்றன. கேமராவோ ஒற்றைக் கண் உடையது. அது எடுக்கும் படத்தில் அசைவும் இல்லை, ஆழமும் இல்லை, எல்லா இலையும் பறவைக்குச் சமமான உரிமையோடு தாளில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. படமெடுக்கும் முன் ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், பறவையை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றை மட்டும் சில நொடிகள் பாருங்கள். கேமரா என்ன பார்க்கப்போகிறது என்பது பெருமளவுக்குத் தெரிந்துவிடும்.

பறவையின் நிறமும் இதில் பங்கேற்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பல பறவைகளுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலிருந்து விழும் ஒளி முதுகைப் பிரகாசமாக்கி வயிற்றை நிழலாக்குகிறது. உடலின் நிறமோ அதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் உருண்டையான உடல் தட்டையாகத் தோன்றிப் பின்னணியோடு கலந்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் அபாட் தேயர் 1896-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். ஒளிப்படக்காரருக்கு இதனால் கிடைக்கும் பயன் நேரடியானது. ஒளி தலைக்கு மேலிருந்து வரும் நேரத்தில் பறவையின் உருமறைப்பு நன்றாக வேலை செய்கிறது. காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து வரும்போது அந்த ஈடுகட்டல் குலைந்து, பறவையின் உடல் மீண்டும் உருண்டையாகத் தெரியத் தொடங்குகிறது. அதிகாலையில் எழுந்து போகச் சொல்லும் பழைய அறிவுரைக்கு மென்மையான ஒளியைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 400 மி.மீ. வரை நீளும் ஸூம் லென்ஸ். அந்த முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கிறது. பின்னணி கரைந்து பட்டுப்போல வர வேண்டுமானால் பெரிய லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். பின்னணி எவ்வளவு கரையும் என்பதில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் திறப்பு விட்டம். குவியத்தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண், உங்களுடையதில் 400) எஃப் எண்ணால் (உங்களுடையதில் 5.6; இது சிறிதானால் திறப்பு பெரிதாகும்) வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் லென்ஸுக்கு அது சுமார் 71 மி.மீ. பறவைக்குப் பின்னால் வெகுதொலைவில் உள்ள ஒரு புள்ளி, பறவையின் அளவுக்கு ஒப்பிட்டால், ஏறத்தாழ இந்த 71 மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் படத்தில் பரவும். சிட்டுக்குருவியின் நீளம் 15 செ.மீ. அளவுதான் என்பதால், தொலைவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட அரைக் குருவி நீளத்துக்குக் கரைந்துவிடுகிறது. இதற்கு மேல் கரைய வேண்டிய தேவை பெரும்பாலான படங்களுக்கு இல்லை.

ஆனால் நம் சிக்கல் தொலைவில் உள்ள மரங்களால் வருவதில்லை, பறவையின் முதுகுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கிளைகளால் வருகிறது. அவற்றுக்கான கணக்கும் எளியதே. பறவைக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள தூரத்தை, உங்களுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, அதைத் திறப்பு விட்டத்தால் பெருக்குங்கள். பறவை 10 மீட்டரிலும் கிளை அதற்குப் பின்னால் 1 மீட்டரிலும் இருந்தால் 71-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும். வருவது ஆறரை மில்லிமீட்டர் மட்டுமே. கிளை பாதி கரைந்து பாதி கரையாமல் நின்று தொந்தரவு செய்வது இதனால்தான். இப்போது மிகப் பெரிய லென்ஸ் ஒன்றை, 600 மி.மீ. எஃப் 4 என்று வைத்துக்கொள்வோம், அதே இடத்தில் நிறுத்துங்கள். அதன் விட்டம் 150 மி.மீ.; கிளையின் கரைவு சுமார் பதினான்கு மில்லிமீட்டர் ஆகிறது. இதற்கு மாறாக, உங்கள் பழைய லென்ஸோடு சற்று நகர்ந்து, பறவைக்கு 10 மீட்டர் பின்னால் உள்ள புதர் பின்னணியாக அமையும் கோணத்தைக் கண்டுபிடித்தால் கரைவு 35 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். கையில் தூக்கவே சிரமமான லென்ஸ் தருவதைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் அதிகம்.

நகர்வது என்றால் நிறைய நடக்க வேண்டும் என்று பொருளல்ல. பறவை 10 மீட்டரிலும் பின்னணி அதற்கு அப்பால் 20 மீட்டரிலும் இருக்கும்போது நீங்கள் இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், பறவைக்குப் பின்னால் தெரியும் இடம் வலப்பக்கம் இரண்டு மீட்டர் நகர்கிறது. பளிச்சென்று தெரியும் ஒரு மரத்தண்டோ இலைகளின் இடையே தெரியும் வானத் துண்டோ சட்டத்தை விட்டு வெளியேற ஒரு காலடி போதும். இதைச் செய்யாமல் நின்ற இடத்திலிருந்தே படங்களை அடுக்கிக்கொண்டு போவதுதான் நம்மில் பலரின் பழக்கம். பறவை பறந்துவிடுமோ என்ற பதற்றம் எனக்கும் புரிகிறது. முதலில் நின்ற இடத்திலிருந்தே இரண்டு மூன்று படங்களை எடுத்துப் பதற்றத்தைத் தீர்த்துக்கொண்டு, அதன்பின் மெதுவாக நகருங்கள்.

பறவையை நெருங்க முடிந்தால் அதுவும் உதவும். 10 மீட்டரை 5 மீட்டராகக் குறைத்தால், முதலில் சொன்ன 1 மீட்டர் கிளையின் கரைவு ஆறரையிலிருந்து கிட்டத்தட்டப் பன்னிரண்டு மில்லிமீட்டராகிறது. ஆனால் பறவை உங்களைக் கவனித்து உடலைச் சுருக்கி விறைத்து நிற்கும் தூரத்துக்குள் போகக் கூடாது. அந்த நிலையில் எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அச்சம் அதில் தெரியும்.

கேள்வி: டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்திப் படத்தைப் பெரிதாக்கும் துணைலென்ஸ்) மாட்டினால் பின்னணி இன்னும் கரையுமா?

பதில்: பறவையும் அதன் பின்னணியும் சேர்ந்தே பெரிதாகும், அவ்வளவுதான். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் ஒளியையும் விழுங்குகின்றன, 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் முன்னதோடு 560 மி.மீ. எஃப் 8 ஆகிறது. வகுத்துப் பாருங்கள், திறப்பு விட்டம் மாறவே இல்லை. பறவையோடு ஒப்பிட்ட கரைவும் ஆகவே மாறாது.

கேள்வி: கைபேசியில் எடுக்கும்போது பின்னணி சிறிதும் கரைவதில்லையே?

பதில்: கைபேசி லென்ஸின் திறப்பு விட்டம் சில மில்லிமீட்டர் மட்டுமே. அதில் இயல்பான கரைவை எதிர்பார்க்க இயலாது. போர்ட்ரெய்ட் முறை மென்பொருளால் உண்டாக்கும் கரைவு இறகு நுனிகளில் தடுமாறிவிடும். வானம், நீர்ப்பரப்பு, நிழல் விழுந்த பாறை போன்ற எளிய பின்னணி அமையும் இடத்தில் மட்டும் கைபேசியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நீர்க்கரையில் நடக்கும் பறவைகளை எடுக்கிறேன். சேறும் கூழாங்கல்லும் புல்லும் அப்படியே தெளிவாக விழுகின்றன. எவ்வளவு திறந்த அபெர்ச்சரில் (லென்ஸின் திறப்பில்) எடுத்தாலும் இதே கதைதான்.

பதில்: நீங்கள் நின்றுகொண்டு எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். லென்ஸ் 1.6 மீட்டர் உயரத்திலும், 20 செ.மீ. உயரமுள்ள பறவை 10 மீட்டர் தூரத்திலும் இருந்தால், பறவையின் தலையை ஒட்டிச் செல்லும் பார்வைக் கோடு அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டருக்குள்ளேயே தரையில் முட்டிவிடுகிறது. அதாவது பறவையின் பின்னணி முழுவதும் அந்த ஒன்றரை மீட்டர் சேறுதான். லென்ஸை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் அதே கோடு 20 மீட்டர் தாண்டித்தான் தரையைத் தொடும். இன்னும் 10 செ.மீ. இறக்கிப் பறவையின் தலை மட்டத்துக்கே கொண்டுவந்தால் கோடு தரைக்கு இணையாகிவிடும். எதிர்க்கரை மரங்களோ நீர்ப்பரப்பின் மறுகோடியோ பின்னணியாக வந்து நிற்கும். அபெர்ச்சரைத் தொடாமலே இத்தனை மாற்றமும் நிகழ்கிறது.

ஆகவே படுத்துவிடுங்கள். கேமராவைத் தரையோடு தாங்க ஒரு பீன்பேக் (பயறு போன்றவை நிரப்பிய துணிப்பை) போதும். திரையைத் திருப்பிப் பார்க்கும் வசதியுள்ள கேமரா என்றால் கழுத்துக்கும் நல்லது. படுத்தபின் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் புல்லும் பயன்தரும்: லென்ஸின் முன்னால் ஒரு சாண் தூரத்தில் உள்ள புல் முற்றிலும் கரைந்து மென்மையான நிறத் திரையாகிறது. ஆனால் பறவைக்கு ஒரு சாண் முன்னால் உள்ள புல் கரைவதில்லை, காலையோ அலகையோ வெட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பறவை இரண்டடி நகரும்வரை காத்திருப்பது நல்லது. இன்னொன்று: படுத்தபடி இருக்கும் மனிதரைக் கரைப்பறவைகள் நிற்பவரைக் காட்டிலும் எளிதில் பொறுத்துக்கொள்கின்றன, அசையாமல் இருந்தால் மேய்ந்தபடியே அவையாக அருகில் வருவதுமுண்டு.

கேள்வி: முழுவதும் திறந்து எடுத்தால் கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் வருகிறது. எவ்வளவு மூட வேண்டும்?

பதில்: முழுச் சட்டக சென்சாரில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ளதில்) 400 மி.மீ., எஃப் 5.6 என்றால், 10 மீட்டர் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ.; 5 மீட்டரில் அது 5 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். தூரம் பாதியானால் ஆழம் கால்பங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். அருகில் இருக்கும் பறவைக்கு எஃப் 8 வரை மூடலாம், ஆனால் அதற்குமுன் பறவை பக்கவாட்டில் திரும்பும் கணத்துக்காகக் காத்துப்பாருங்கள். அப்போது கண்ணும் வாலும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் அமைவதால் மூடவேண்டிய தேவையே எழாது.

கேள்வி: பறவை தெளிவாகச் சட்டத்தின் நடுவில் இருக்கும்போதும் ஆட்டோஃபோகஸ் பின்னாலுள்ள இலைகளைப் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆட்டோஃபோகஸ் தேடுவது மாறுபாட்டையும் விளிம்புகளையும்தான். வெயில் பட்ட இலைக்கூட்டத்தில் அவை ஏராளம். சாம்பல் நிறப் பறவையின் மென்மையான மார்பில் மிகக் குறைவு. ஆகவே அகன்ற ஃபோகஸ் பகுதியைக் கொடுத்தால் கேமரா இலைகளையே தேர்ந்தெடுக்கும். ஒற்றைப் புள்ளியோ, கேமராவில் உள்ளவற்றுள் மிகச் சிறிய பகுதியோ எதுவோ அதை வைத்து, கண்ணின் மேலோ, கண் சிறிதாக இருந்தால் கழுத்தில் நிறம் மாறும் விளிம்பின் மேலோ நிறுத்துங்கள். தொடர் ஃபோகஸ் முறையில் இருந்தால், தடங்கல் வந்தவுடன் கேமரா வேறு பொருளுக்குத் தாவாமல் சற்றுப் பொறுக்கும்படி அமைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. கிளைகளுக்குள் அலையும் பறவைக்கு அதை அதிகப் பொறுமையின் பக்கம் தள்ளிவையுங்கள்.

ஒருமுறை பின்னணிக்குப் போய்விட்ட ஃபோகஸ் திரும்பிவர மறுப்பதுதான் இதில் மிகவும் எரிச்சலூட்டும் கட்டம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் இது கூடுதலாகவே நிகழ்கிறது. பறவை அடையாளம் தெரியாத அளவுக்குக் கலங்கிப்போய், பின்னணி கூர்மையாக இருப்பதால், கேமராவுக்கு மாற வேண்டிய காரணமே தெரிவதில்லை. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதில் பயனில்லை. பறவை இருக்கும் ஏறத்தாழ அதே தூரத்தில் உள்ள தரையையோ மரத்தண்டையோ நோக்கி ஃபோகஸ் செய்து, பிறகு பறவைக்குத் திரும்புங்கள். அல்லது லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் அருகாமைப் பக்கம் திருப்பி, பறவையின் உருவம் ஓரளவு தெரியத் தொடங்கியதும் ஆட்டோஃபோகஸிடம் ஒப்படையுங்கள். கையும் கேமராவும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை வீட்டு ஜன்னலிலிருந்தே பயிலலாம். சில நாட்களில் விரல் தானாகச் செய்யும். லென்ஸில் ஃபோகஸ் எல்லைக்கான சுவிட்ச் இருந்தால், பறவை இருக்கும் தூரத்துக்கு ஏற்ப அதையும் பயன்படுத்துங்கள், தேடல் நேரம் குறையும்.

பறவையை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதி, 2020-இல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். ஆர்5 முதலான கேமராக்களிலிருந்து பரவலாகியிருக்கிறது. திறந்தவெளியில் அது பெரும் உதவி. ஆனால் கண்ணின் குறுக்கே ஒரு சுள்ளி வந்தால் அது தடுமாறும், இலைகளின் நடுவே உள்ள கரும்புள்ளியைக் கண் என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. நெரிசலான இடத்தில் அதையும் சிறிய ஃபோகஸ் பகுதியோடு சேர்த்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கேள்வி: மரத்தடியில் நின்று மேல்நோக்கி எடுக்கும்போது இலைகளின் இடையே வானம் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்து கண்ணைப் பறிக்கிறது. வெள்ளைக் கொக்கு போன்றவை வெளுத்துப்போகின்றன.

பதில்: பார்ப்பவரின் கண் படத்தின் மிகப் பிரகாசமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். வானப் பொட்டுகள் பறவையைவிடப் பிரகாசமாக இருக்கும்வரை அவற்றை எவ்வளவு கரைத்தாலும் அவை பெரிய வெள்ளை வட்டங்களாகத் தொடர்ந்து தொல்லை தரும். எனவே மேல்நோக்கி எடுப்பதையே தவிர்ப்பது நல்லது. சரிவில் ஏறி, மரத்தின் நடு உயரத்துக்குச் சமமாக நின்று எடுத்தால், வானத்துக்குப் பதிலாக எதிர்ச்சரிவின் பசுமை பின்னால் வரும். நகர வழியில்லாதபோது, மேகம் மூடிய நாளைவிட வெயில் நாளின் காலைநேரத்தில் சூரியனுக்கு எதிர்த்திசை வானத்தில் நீலம் கிடைக்கும். மேகமூட்டத்தில் வானம் வெறும் வெண்மைதான். அதே மேகமூட்டம், கீழ்நோக்கியோ நேராகவோ எடுக்கும்போது நமக்கு நண்பன். இலைகளின் மேல் விழும் பளபளப்புப் புள்ளிகளை அது அணைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, பறவையின் மேல் வெயிலும் பின்னணியில் நிழலும் விழுவது. கேமரா பதிவுசெய்யும் ஒளி எல்லை நம் கண்ணைவிடக் குறுகியது என்பது மற்ற நேரங்களில் குறை. இங்கே அதுவே வரமாகிறது. வெயிலில் நிற்கும் பறவைக்குச் சரியான ஒளியளவை வைத்தால், நிழலில் உள்ள கிளைகள் இரண்டு மூன்று ஸ்டாப் கீழே போய் இருளில் அடங்கிவிடும். ஆனால் இருண்ட பரப்பு பெரிதாக இருப்பதைக் கண்ட கேமரா படத்தை வெளுப்பாக்க முயலும். அங்கேதான் உங்கள் கொக்கு தன் இறகு நுணுக்கத்தை இழக்கிறது. ஒளியளவுத் திருத்தத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள்முதல் வெளிச்சம்வரை காட்டும் வரைபடத்தின்) வலக்கோடியில் வெண்மை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரிச்சான் போன்ற கரும்பறவை வெளிறிய வானத்தின் முன் அமர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

கேள்வி: கரைந்த பின்னணியிலும் கிளைகள் ஒவ்வொன்றும் இரட்டைக் கோடுகளாகத் தெரிகின்றன. லென்ஸ் பழுதா?

பதில்: பழுதில்லை, ஃபோகஸுக்கு வெளியே உள்ள புள்ளியைச் சில லென்ஸ்கள் நடுவில் மங்கலும் ஓரத்தில் பிரகாசமுமான வட்டமாக வரைகின்றன. மெல்லிய கிளையின் மேல் இத்தகைய வட்டங்கள் வரிசையாக விழும்போது இரண்டு ஓரங்களும் சேர்ந்து இரட்டைக் கோடாகிவிடுகின்றன. கண்ணாடிகளைக் கொண்டு ஒளியை மடக்கும் 500 மி.மீ. மிரர் லென்ஸ்களில் நடுப்பகுதி மறைக்கப்பட்டிருப்பதால் வட்டம் வளையமாகவே மாறி, இது உச்சத்துக்குப் போகும். இலையுதிர்ந்த குச்சிகள், காய்ந்த நாணல் ஆகியவற்றின் முன் இது மிகுதியாகத் தெரியும். அடர்ந்த பசுமையின் முன் தெரியாது. உங்கள் லென்ஸின் இந்தக் குணத்தை அறிந்து பின்னணியைத் தேர்ந்தெடுப்பதே வழி.

கேள்வி: மரங்களுக்கு முன்னால் பறந்துபோகும் பறவையை எடுத்தால் எல்லாமே தெளிவாக உறைந்து நிற்கிறது. பறவை பிரிந்து தெரிய வழியுண்டா?

பதில்: ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். 1/2000 நொடியில் பறவையும் மரமும் ஒருசேர உறைகின்றன. மாறாக, 1/30 முதல் 1/60 நொடி வரை வைத்து, பறவையோடு கேமராவையும் சீராகத் திருப்பிக்கொண்டே எடுத்தால், மரங்கள் கிடைமட்டக் கோடுகளாக இழுபட்டுப் பறவையின் தலை மட்டும் தெளிவாக நிற்கும். நாரை, கொக்கு போன்று மெதுவாகச் சிறகடிக்கும் பெரிய பறவைகள் இதற்கு ஏற்றவை. விரைந்து போகும் பறவைக்கு 1/125 வரை உயர்த்தலாம். லென்ஸின் அதிர்வு தடுப்பை, பக்கவாட்டு அசைவை அனுமதிக்கும் முறைக்கு மாற்ற மறக்க வேண்டாம். பெரும்பாலான படங்கள் வீணாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு இறங்குங்கள். அமைந்துவிடும் ஒரு படத்தில் நெரிசலான பின்னணியே வேகத்தைக் காட்டும் நிறமாகிவிடுகிறது. வெறும் வானத்தின் முன் இது கிடைக்கவே கிடைக்காது.

வேகமான ஷட்டரில்தான் எடுக்க வேண்டும் என்றால் காற்றைக் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் வீசும்படி நின்றால் பறவை உங்களை நோக்கியே வரும். பின்னால் எந்தப் பகுதி வெட்டவெளி என்று முன்பே பார்த்து அந்தப் பக்கம் நிற்கலாம்.

கேள்வி: நல்ல பின்னணி இருக்கும் இடத்தில் பறவை உட்காருவதில்லை, பறவை உட்காரும் இடத்தில் பின்னணி சரியில்லை. இதற்கு என்னதான் தீர்வு?

பதில்: பறவையைத் துரத்துவதை நிறுத்துவதே தீர்வு. மீன்கொத்தி, பஞ்சுருட்டான், ஈப்பிடிப்பான், கரிச்சான் போன்றவை இரையைப் பிடித்துக்கொண்டு பழைய இருக்கைக்கே திரும்பும் இயல்புடையவை. ஒவ்வொன்றுக்கும் இப்படிச் சில இருக்கைகள் இருக்கும். கேமராவைத் தொடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்சத்தின் வெள்ளைக் கறையும் காட்டிக்கொடுக்கும். அவற்றுள் எந்த இருக்கைக்குப் பின்னால் வெளி அதிகம் என்று பார்த்து, அதற்கேற்ற கோணத்தில் இடம்பிடித்து, வெற்றுக் கிளையின் மேல் ஃபோகஸ் செய்து, ஒளியளவையும் முடிவுசெய்துவிட்டுக் காத்திருங்கள். பறவை வரும்போது செய்யவேண்டிய வேலை எதுவும் மிச்சமிருக்காது. பின்னணியை முதலிலும் பறவையை இரண்டாவதாகவும் தேர்ந்தெடுக்கும் இந்த ஒழுங்கைத்தான் எல்லாப் பதில்களிலும் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கருத்தில் லென்ஸைவிடவும் கேமராவைவிடவும் இது முக்கியம்.

மறைவிடமும் உதவும். ரிச்சர்ட் கியர்டன், செரி கியர்டன் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பறவைகளைப் படமெடுத்தவர்கள். உள்ளே கூடாக்கப்பட்ட எருதின் தோலுக்குள் புகுந்து நின்றுகொண்டு எடுத்தார்கள். மேயும் விலங்கைப் பறவைகள் பொருட்படுத்தாது என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். இன்று சாலையோரம் நிறுத்திய காரே பல இடங்களில் அதே வேலையைச் செய்கிறது. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே எடுத்தால் போதும்.

கேள்வி: பின்னணி கரைந்தே ஆக வேண்டுமா? எல்லாருடைய படங்களும் பச்சைத் திரைக்கு முன் வைத்த பறவைபோல ஒன்றாகவே இருக்கின்றன.

பதில்: இந்தக் கேள்வியை எழுதிய வாசகருக்கு நன்றி. கரைவது ஒரு வழி, ஒரே வழியல்ல. பறவை எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், எத்தகைய இடத்தில் வாழ்கிறது என்பதை முற்றிலும் கரைந்த பின்னணி சொல்லாது. நாணலுக்குள் வாழும் பறவையை நாணலிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வாழ்வில் பாதியை வெட்டுவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் நெரிசலை வைத்துக்கொண்டே படத்தை அமைப்பது கரைப்பதைவிடக் கடினம். அபெர்ச்சரை எஃப் 8 அல்லது எஃப் 11 வரை மூடி, பறவையைச் சட்டத்தில் சிறிதாக வைக்கும்போது, அது தனித்துத் தெரிய வேறு காரணம் ஒன்று வேண்டும். அந்தக் காரணம் ஒளியாக இருக்கலாம், நிறமாக இருக்கலாம், உருவமாக இருக்கலாம். கண்களைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். அப்போதும் பறவை எங்கே என்று தெரிந்தால் படம் நிற்கும். கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பதும் இதே சோதனைதான். கிளைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பறவையின் தலை விழாமல், அவற்றுக்கு நடுவிலுள்ள சிறு வெளியில் விழும்படி ஓரங்குலம் ஓரங்குலமாக நகர்ந்து பாருங்கள். உடலின் பாதியைக் கிளை மறைத்தாலும் கண் மன்னித்துவிடும். தலைக்குப் பின்னால் ஒரு குச்சி கொம்புபோல் முளைத்திருந்தால் மன்னிக்காது. பறவை தலையைப் பக்கவாட்டில் திருப்பி அலகின் கோடு தெரியும் கணமும், கண்ணில் ஒளிப்புள்ளி விழும் கணமும் இத்தகைய படத்துக்கு உயிர் கொடுப்பவை.

பக்கிப் பறவை, ஆந்தை போன்றவற்றில் நெரிசலே பொருளாகிவிடுகிறது. சருகுகளின் மேல் அமர்ந்து சருகாகவே தெரியும் பக்கியை எடுக்கும்போது, சருகைக் கரைத்துவிட்டால் எடுப்பதற்கு என்ன மிஞ்சுகிறது? அங்கே பறவையிலிருந்து சட்டத்தின் நான்கு ஓரம் வரை எல்லாம் கூர்மையாக இருக்கட்டும். பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: கூட்டின் முன்னால் மறைக்கும் இரண்டு மூன்று இலைகளை மட்டும் அகற்றினால் என்ன?

பதில்: அகற்றக் கூடாது, ஒதுக்கிக் கட்டவும் கூடாது. அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு நண்பகல் வெயிலிலிருந்து நிழலும், காகம் முதலியவற்றின் பார்வையிலிருந்து மறைவும் தருகின்றன. நீங்கள் போனபின்பும் அந்தத் திறப்பு அங்கேயே இருக்கும். பறவை எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ, இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகத் தயங்கினாலோ, நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள். கூட்டுப் படமே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின் கிளையில் வரிசையாக அமர்ந்து இரை கேட்கும் காட்சி, கூட்டில் கிடைப்பதைவிட எவ்வளவோ நல்ல படம்.

கேள்வி: மென்பொருளில் பின்னணியைக் கரைப்பது, குறுக்கே உள்ள குச்சியை அழிப்பது ஆகியவை ஏற்கத்தக்கவையா?

பதில்: இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ரா கோப்பில் (கேமரா பதிவுசெய்த திருத்தப்படாத மூலக் கோப்பில்) பறவையை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றப் பகுதியின் பிரகாசத்தையும் மாறுபாட்டையும் நிறச் செறிவையும் சிறிதளவு குறைப்பது இருட்டறைக் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள வேலை. பின்னணியில் மட்டும் நாய்ஸை (மணல்போலத் தெரியும் புள்ளிகளை) குறைப்பதும் அப்படியே. நான் இவற்றைத் தயங்காமல் செய்கிறேன். செயற்கையாகக் கரைப்பது பெரும்பாலும் பொய்யாகவே தெரிகிறது, ஏனெனில் பறவை அமர்ந்த கிளை பின்னோக்கிப் போகப்போகப் படிப்படியாகக் கலங்க வேண்டும். மென்பொருளின் கத்தரிப்பில் அது ஓரிடத்தில் தெளிவாகவும் அடுத்த இடத்தில் முழுக் கலங்கலாகவும் ஆகிவிடுகிறது.

குச்சியை அழிப்பது உங்கள் சுவரில் மாட்டும் படத்துக்கு உங்கள் விருப்பம். இயற்கைப் பிரிவுப் போட்டிக்கு அனுப்பினால் கதை வேறு. ஃபியாப் என்ற பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்பும், அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கமும் இயற்கைப் படங்களுக்கு ஒரே வரையறையைப் பின்பற்றுகின்றன: ஓரங்களை வெட்டிச் சுருக்குவதைத் தவிர, படத்தில் எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, நீக்கவோ கூடாது. ஒரு சுள்ளியும் இதில் அடங்கும். பெரிய போட்டிகள் பரிசுக்குரிய படத்தின் ரா கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் என்பதால், போட்டிக்கு அனுப்ப எண்ணும் ஒவ்வொரு படத்தின் மூலக் கோப்பையும் திருத்தாமல் தனியே பாதுகாத்து வையுங்கள். தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் ஐயம் எழும்போது அவை துணை நிற்கும்.